காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம்

...அதுவா, சரி, வாசிச்சிட்டா போச்சு என்று ஏன் சொல்லித் தொலைத்தோம், எந்தப் பாட்டும்மா என்று அப்போதே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன, வாயில் இருந்த முத்தா உதிர்ந்திருக்கும், இப்போது ஒரு மாதம் ஓடிவிட்டது, நாளைக்கு மகள் கல்யாண விருந்து, இனி எந்த முகத்தோடு கேட்பது... மிட்சுவோ ஹெட்ஃபோனைக் காதில் மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். நகிசா போனில் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், "நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப படுத்த பிறகு வாசிப்பீங்களேப்பா, அந்தப் பாட்டு. விருந்துல அத ஒரு தடவ வாசிங்க, எனக்கு வேற எதுவும் வேணாம்." கேட்டதே கிடையாது அவள், பொம்மை கேட்டதில்லை, ஒசாகாவுக்கு வேலைக்குப் போனபோது பெட்டியைத் தூக்கிக்கொடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை, இந்த ஒன்றைத்தான் கேட்டாள், அதுவும் எது என்று இந்த அப்பனுக்குத் தெரியவில்லை.

பாட்டு கிடக்கட்டும், முதலில் எந்த எலெக்ட்ரிக் கிட்டார் என்று முடிவு செய்வோம். சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன, எல்லாமே சிவப்பு, வேண்டுமென்றே சிவப்பு, ஒரே நிறத்தில் வாங்கினால் மனைவி சிஸுருவுக்குக் கணக்குத் தெரியாது என்று கிட்டார் கடையில் சக பைத்தியம் ஒருவர் சொல்லிக்கொடுத்த யோசனை, அவள் ஒருநாள் தூசி தட்டிக்கொண்டே, "ஏங்க, இந்தச் சிவப்பு குட்டி போடுமா? போன மாசம் பாத்தப்ப கொஞ்சமாத்தான இருந்துச்சு" என்றாளே, அன்றைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் ஸ்குரூ ஒன்றைத் தேடுவதுபோல் தரையில் தவழ்ந்தார். இது வேண்டாம், கொஞ்சம் கூர்மையான சத்தம், இது... இது தேவலை. விரல்கள் தாமாகவே சோதனைத் துண்டை ஓட்டின, புதுக் கிட்டாரோ, சத்தத்தை மாற்றுகிற புதுப் பெடலோ எது வந்தாலும் அதைத்தான் ஓட்டிப் பார்ப்பார், நாலைந்து சுரம் மேலே ஏறி, ஒரு வளைவு, அங்கே நிறுத்தி, காலால் பெடலை மிதித்து, திருகைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி முதலிலிருந்து. ஹெட்ஃபோனுக்குள் மைதானம் நிறைகிற மாதிரி முழங்கியது. ஆனால் அடியில் என்ன அது, ஒரு உறுமல், ங்ங்ங் என்று... கேபிளா? பெடலா? நாளைக்கு விருந்தில் இந்த உறுமலோடு போய் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்?

கேபிளை மாற்றினார், உறுமல் போகவில்லை, பெடல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், பச்சையைப் பிடுங்கியதும் போய்விட்டது, அப்பாடா, ஆனால் பச்சை இல்லாமல் அந்தக் குழைவு வராதே... என்ன செய்கிறோம், பாட்டே தெரியவில்லை, குழைவு பார்க்கிறோம். பாட்டு, பாட்டு. அந்த நாட்களில் எதை வாசித்தோம்? காலேஜில் கற்ற ஒன்று இருந்தது, அதன் ஆரம்பம் வருகிறது, பிறகு பல்லவிக்குப் போகிற இடத்தில் விரல் திகைக்கிறது, கடற்கரைப் பாட்டு ஒன்று, அதுவும் ஆரம்பம்தான், இன்னொன்று, ஆரம்பம்... முழுசாக முடித்த பாட்டு ஒன்றாவது உண்டா? எப்போதும் பாதியில் ஏதோ ஒரு திருகைத் திருப்பத் தோன்றிவிடும், திருப்பினால் மறுபடி முதலிலிருந்து கேட்கத் தோன்றும். இத்தனை வருஷமாக நான் வாசித்தேனா, திருகிக்கொண்டே இருந்தேனா? வெட்கமாக இருந்தது, நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

எல்லாம் அந்தக் கீழ்வீட்டு மொச்சிஸுகி அம்மாளால் வந்தது. கியோத்தோவுக்குக் குடிவந்த புதிதில் இந்த ஆம்ப், கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டி, தரையில் நின்று நிஜமாகவே பாடும், ஒருநாள் அந்த அம்மாள் இனிப்புப் பெட்டியோடு வாசலில் வந்து குனிந்து வணங்கி, "உங்க வீட்டுக் கிட்டார் நாளுக்கு நாள் எவ்வளவு நல்லா வருது, கேக்கறதுக்கே சந்தோஷமா இருக்கு" என்றாள், நகோயாக்காரர் இவர், உச்சி குளிர்ந்துபோய், அப்படியா, இனிமேல் ஜன்னலைத் திறந்து வைத்தே வாசிக்கிறேன் என்றார், சொன்னபடி திறந்தும் வைத்தார். சிஸுரு இந்த ஊரிலேயே பிறந்தவள், கதவைச் சாத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள், "ஐயோ, வாய மூடுங்கன்னு அர்த்தம்ங்க அதுக்கு! நீங்க என்னடான்னா ஜன்னலத் தெறக்கறீங்க!" அன்றைக்கு வாங்கிய ஹெட்ஃபோன்தான். ஆம்பின் வால்வுகள் அதன்பிறகு சூடானதே இல்லை, மேலே இப்போது இஸ்திரிபோட்ட துணி இருக்கிறது.

ஒரு நிமிஷம். அந்த வருஷம்தானே நகிசா பிறந்தாள். அப்படியானால் அவள் பிறந்ததிலிருந்து ஹெட்ஃபோன்தான், வெளியே ஒன்றும் கேட்டிருக்காதே, பிறகு எந்தப் பாட்டைக் கேட்டாள்? வேறு யாரோ வீட்டு ரேடியோவைக் கேட்டுவிட்டு அப்பா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளா? அப்படியென்றால் நாளைக்கு நான் என்ன வாசித்தாலும் அது இல்லையப்பா என்று அவள் முகம் சொல்லிவிடும், வாயால் சொல்லமாட்டாள், அம்மா மாதிரியே சிரித்துக்கொண்டே, ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா என்பாள், அவள் கியோத்தோப் பெண்.

வாசலில் செருப்புச் சத்தம். வந்துவிட்டாள். சிஸுருவின் குரல், "வா வா, வேர்த்து ஊத்துது பாரு, பார்லித் தண்ணி குடி", பிறகு, "உங்கப்பா காலையிலேர்ந்து உள்ளதான், பிரசவத்துக்குப் போனவராட்டம் மொனகிட்டிருக்கார்", இருவரும் சிரிக்கிறார்கள். எழுந்து போய்க் கேட்டுவிடலாமா, எந்தப் பாட்டும்மா, அப்பாவுக்குத் தெரியவில்லை என்று... கால் எழவில்லை. நகிசா பக்கத்து அறைக்கு வந்துவிட்டாள், அவளுடைய பழைய அறை, நடுவே காகிதக் கதவு மட்டும், பெட்டியைத் திறக்கிற சத்தம், நாளைய உடையை மாட்டுகிறாள் போல, கொக்கி உரசுகிறது, முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டே. மிட்சுவோ ஹெட்ஃபோனைக் கழற்றினார். நாலைந்து சுரம் மேலே ஏறியது, ஒரு வளைவு, அங்கே நின்றது. சும்மா நின்றது. பிறகு நாக்கால் "டக்" என்றாள், இன்னொரு இடைவெளி, மறுபடி முதலிலிருந்து.

அது பாட்டே இல்லை, இவருடைய சோதனைத் துண்டு. மைதானம் முழங்கியதெல்லாம் இவர் காதுக்குள்தான், கதவுக்கு அந்தப் பக்கம் போனது வெறும் கம்பியின் கிணுகிணுப்பும் பெடலை மிதிக்கிற சத்தமும், அதையே பாட்டு என்று வைத்துக்கொண்டு ஒரு குழந்தை தூங்கியிருக்கிறது. ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கினார். வெறும் கம்பியில் அந்தச் சுரங்களை ஏற்றினார், வளைத்தார், நிறுத்தினார், எதிலும் சேர்க்காமல் கிடந்த பச்சைப் பெடலை அவர் கால் தானாகப் போய் மிதித்தது, டக்.

"அதேதான்ப்பா!" என்றாள் நகிசா கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

சரி, அதேதான். ஆனால் டக்குக்கு அப்புறம் எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும்? அப்போதெல்லாம் திருகைத் திருப்புகிற நேரம் அது, ஒருநாள் கொஞ்சம், ஒருநாள் அதிகம், அளவெடுத்தா திருப்பினார்... நாளைக்கு அத்தனை பேர் முன்னால் திருப்ப எதுவும் இல்லாமல் எவ்வளவு நேரம் நிற்பது? அந்த அளவு அவளுக்குத்தான் தெரியும். கம்பியின் மேல் கையை வைத்தபடி, கதவைப் பார்த்தபடி, அவள் மறுபடி முணுமுணுக்கக் காத்திருந்தார், அந்தப் பக்கமும் சத்தமில்லை, அவளும் இவருக்காகக் காத்திருக்கிறாள் போலிருந்தது.