நான் படிக்காத மூன்றாம் பக்கம்

ஆராய்ச்சிக் கட்டுரையைக் கதைப் புத்தகம் போல முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். நான் வணிகவியல் உதவிப் பேராசிரியை. ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு எடுக்கிறேன். கட்டுரைகளை எப்படிப் படிப்பது என்பதுதான் பாடம். முதலில் தலைப்பு, அடுத்து சுருக்கம், அங்கிருந்து நேரே முடிவுரைக்குத் தாவுங்கள், என்ன சொல்ல வருகிறார்கள் என்று பிடிபட்ட பிறகு இரண்டாம் முறை நடுப்பகுதிக்கு வாருங்கள் என்பேன். நல்ல வழிதான். இன்றைக்கும் அதைத் தப்பு சொல்ல மாட்டேன். இரண்டாம் முறை வர வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா இருதயசாமி நெய்வேலிச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர். பர்மனென்ட் ஆகிவிடும், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிடும் என்று அம்மா மாதா கோயிலில் ஏற்றிய மெழுகுவர்த்திக்குக் கணக்கே இல்லை. இரண்டும் நடக்கவில்லை. மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் இருந்தபடியே நான் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டேன். "எம் பொண்ணு காலேஜ்ல பாடம் நடத்துது" என்று டீக்கடையில் யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருப்பார்.

வேலையை விட்ட மறு வருடம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரல் தழும்பேறிச் சுருங்குகிறது என்றார் புதுச்சேரி டாக்டர். எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பீடியும் குடித்திருக்கிறார் என்றார். அந்த வாரமே நான் கட்டுரைகளைத் தேடத் தொடங்கினேன். ஒன்று அகப்பட்டது. ஒரு மாத்திரை அந்தத் தழும்பின் வேகத்தைக் குறைக்கிறது என்று சுருக்கத்தில் இருந்தது. முடிவுரையிலும் அதையே சொல்லியிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு மறுபடியும் டாக்டரிடம் ஓடினேன்.

"இது குணப்படுத்தாதும்மா. சில பேருக்கு வேகம் குறையும். வயித்தை ரொம்பப் படுத்தும். அதுவும் இவர் கேஸ் கொஞ்சம் வேற..." என்று அவர் இழுத்தார்.

நான் அவரை முடிக்க விடவில்லை. முடிவுரையை எடுத்து அவருக்கே வாசித்துக் காட்டினேன். அவர் பேனாவை எடுத்தார். "சரி, போட்டுப் பார்க்கலாம். ஒத்துக்கலைன்னா நிறுத்திடுங்க" என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பிரிண்டையும் அப்பாவின் ஆஸ்பத்திரி ஃபைலிலேயே செருகி வைத்தேன்.

அப்பா சாப்பாட்டுப் பிரியர். பூசை முடிந்து வரும்போதே "இன்னா கொழம்பு?" என்று வாசலிலிருந்து கேட்கிற ஆள். மாத்திரை ஆரம்பித்த பத்தாம் நாள் சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. கருவாட்டு வாசனை வந்தால் எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்தார். அம்மா தாளிப்பதையே நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் வேகவைத்தாள். அதுவும் தங்கவில்லை. ஐந்து மாதத்தில் அவர் சட்டைகள் எல்லாம் வேறு யாருடையவோ மாதிரி ஆகிவிட்டன.

"போதும் பாப்பா, நிறுத்திடலாம். இருக்கிற வரிக்கும் வாய்க்கு ருசியா சாப்ட்டுகினு இருக்கட்டும்" என்றாள் அம்மா.

"உனக்கு என்னம்மா தெரியும்? நீ படிச்சுப் பாத்தியா?" என்று கத்தினேன்.

அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா தண்ணீர்ச் செம்பை எடுத்து மாத்திரையை விழுங்கினார்.

எந்தத் துறைக் கட்டுரையாக இருந்தாலும் படித்துவிடலாம் என்று காட்டுவதற்கு, ஒரு சனிக்கிழமை அதே கட்டுரையை வகுப்புக்குக் கொண்டுபோனேன். எனக்கு மனப்பாடமான கட்டுரை என்ற மிதப்பு வேறு. ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக் கொடுத்து, படித்ததைச் சுருக்கிச் சொல்லச் சொன்னேன். ஆய்வு நடந்த முறை பற்றிய மூன்றாம் பக்கம் ஷைனி என்ற மாணவிக்குப் போயிற்று. அவள் எழுந்து நின்று சொன்னாள்.

"மேம், சுரங்கத் தூசியில வேலை செஞ்சவங்களை இந்த ஆய்வுல சேர்க்கவே இல்லை. வெளிய நிறுத்திட்டாங்க. அப்போ நம்ம ஊருக்கு இது ஆகாதே மேம்!"

வகுப்பு சிரித்தது. நான் அவள் கையிலிருந்து தாளை வாங்கிப் படித்தேன். ஒரே வரி. எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் பக்கத்தின் நடுவில் இருந்தது. என் அப்பாவைப் போன்ற ஒருவர்கூட அந்த ஆய்வில் இல்லை. மாத்திரை அவருக்கு உதவும் என்று அந்தக் கட்டுரை எங்கேயும் சொல்லவில்லை. சொன்னவள் நான்தான்.

டாக்டருக்கு போன் செய்து அன்றே மாத்திரையை நிறுத்தினோம். உடம்பு அதற்குள் எலும்பும் தோலுமாகிவிட்டது. நாற்பது நாளில் அப்பா போய்விட்டார். மாத்திரை இல்லாவிட்டாலும் போயிருப்பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மாத்திரை இல்லாவிட்டால் அந்த ஐந்து மாதமும் அவர் நன்றாகச் சாப்பிட்டிருப்பார், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. அதைப் பிடுங்கியவள் நான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், வகுப்பு முடிந்து நான் வீட்டுக்குப் போனபோது அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். பையைக்கூட இறக்காமல் அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அந்த மாத்திரை உனக்கானது இல்லப்பா. மைன்ஸ்ல வேலை செஞ்சவங்களுக்குக் குடுத்து ஆராய்ச்சி பண்ணவங்க பாக்கவே இல்ல. அந்தப் பக்கத்தை நான் படிக்காம வுட்டுட்டேன்."

அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. தலையணைக்கு அடியிலிருந்து ஃபைலை எடுத்தார். அதிலிருந்த கட்டுரையின் மூன்றாம் பக்கத்தைப் பிரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"இதானேம்மா?"

அவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்.

"மைன், டஸ்ட், ரெண்டும் தெரியாதா எனக்கு? 'எக்ஸ்க்ளூடட்'டும் தெரியும். வருசா வருசம் காண்ட்ராக்டர் ஆபீஸ் போர்டுல ஆள் லிஸ்ட் ஒட்டுவான். முதல்ல அந்த வார்த்தையத்தான் தேடுவோம். அதுக்குக் கீழ பேர் இருந்தா நாளைலேருந்து வேலைக்கு வராதன்னு அர்த்தம்."

"ஏம்ப்பா சொல்லல? நான் வாங்கிக் குடுக்கக் குடுக்கப் போட்டுகினு இருந்தியேப்பா!"

மூச்சு வாங்கியது அவருக்கு.

"நீ இதையே காலேஜ்ல பாடமா நடத்துற. நான் போர்டு பாத்துப் படிச்சவன். எனக்குத்தான் தப்பாப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றார். "தெனம் மாத்திர போடறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி எடுத்துப் படிப்பேம்மா. இன்னிக்காவது வேற மாதிரி புரியுதான்னு."