பானிபட் மூலை

"ஏனுங் நைனா, பானிபட்டுல மூணு தடவ சண்ட நடந்துச்சாமா. ஏன் எல்லாரும் அங்கயே போயிப் போயிச் சண்ட போட்டாங்க? வேற எடமே கெடைக்கலீங்களா?"

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது சைத்ரா இப்படிக் கேட்டாள். அவள் அப்பா ராமுலு அப்போதுதான் தென்னந்தோப்பின் வடக்கு மூலையில், பக்கத்துக் காட்டுக்காரர் பிரான்சிசோடு வேலிச் சண்டையை முடித்துவிட்டு, துண்டை உதறிக்கொண்டு வந்திருந்தார். அடுப்படியிலிருந்து அம்மா ரங்கம்மாள் குரல் கொடுத்தாள். "உங்க நைனாவையே கேளு கண்ணு. பானிபட்டுலருந்துதான் வாராரு."

அன்றைக்கு ஒட்டிய பெயர் அந்த மூலையை விட்டுப் போகவில்லை. கரண்ட்டு வேலைக்கு வந்தவர், "பானிபட்டுல கம்பம் சாஞ்சிருச்சுங்க" என்றார். தேங்காய் போடுகிறவர், "பானிபட்டுலருந்து ஆரம்பிக்கட்டுங்களா?" என்றார். ஒருமுறை யானை வந்தபோது ரங்கம்மாள் வனக்காவலருக்குப் போன் போட்டு, "யானை பானிபட்டத் தாண்டிருச்சுங்க!" என்று கத்தினாள். ஆள் புதுசு. "அம்மணி, நாங்க தொண்டாமுத்தூர் வரைக்குந்தானுங்க வருவோம்" என்றார் பணிவாக.

சண்டையும் மரியாதை குறையாமல்தான் நடக்கும்.

"உங்க மூஞ்சில முழிச்சா வெளங்குமுங்களா?" என்பார் ராமுலு.

"அப்ப அந்தப் பக்கம் திரும்பிக்குங்கண்ணா" என்பார் பிரான்சிஸ்.

முதல் போர் ஆட்டுக்காக. இரண்டாவது தண்ணீர்க் குழாய்க்காக. மூன்றாவதில் ராமுலு மூலையிலிருந்த சந்து வழியை முள்கம்பியால் அடைத்துவிட்டார். யானைக்கு அது கொசுவலை. தடுத்தது பிரான்சிசின் சைக்கிளை மட்டும்தான். பஸ் ரோட்டுக்குப் போக அவர் குடும்பம் குளத்தையே சுற்ற வேண்டியதாயிற்று.

போன மாதம் ராமுலு குடும்பத்தோடு உடுமலைப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினார். தோப்புக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஊடே நட்டிருந்த வாழை வரைக்கும் யானைத் தடம் வந்து, திரும்பியிருந்தது. சுற்றிலும் வெடித்த பட்டாசுக் காகிதம். திரும்பிய தடம் பிரான்சிசின் தக்காளிப் பாத்திகளை மிதித்துக்கொண்டு போயிருந்தது.

ராமுலு கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தொண்டையைக் கனைத்தார். "ஏனுங் பிரான்சிசு, யானைய நீங்கதான் தொரத்தி உட்டீங்களாட்ட இருக்குது."

"யானைங்களா? நா தூங்கிட்டனுங்கண்ணா."

"பட்டாசு கெடக்குதுங்க."

"யானையே வெடிச்சிருக்குமுங்க."

"உங்க தக்காளி..."

"எம்பட தக்காளிய நானே பாத்துக்குவனுங்க. கம்பிக்கு அந்தப் பக்கம் நடக்கறது ஒண்ணும் எனக்குத் தெரியறதில்லீங்க."

நன்றியைக்கூட வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிற மனிதரை என்ன செய்வது? ராமுலுவுக்குச் சோறு இறங்கவில்லை. பெருமாளுக்கு விளக்கேற்றினாலும் மிதிபட்ட பாத்திகள்தான் கண்ணில் நின்றன. மகள் கேட்ட பழைய கேள்வியும் கூடவே வந்தது. வழி அங்கேதானே இருக்கிறது? யானைக்கும் சரி, பிரான்சிசுக்கும் சரி. வழி இல்லாத இடத்துக்குச் சண்டை போட யார் போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரான்சிஸ் குடும்பம் குளத்தைச் சுற்றிக்கொண்டு சர்ச்சுக்குப் போனது. ரங்கம்மாளும் சைத்ராவும் சந்தைக்குப் போயிருந்தார்கள். ராமுலு குறடு ஒன்றை எடுத்துப்போய் முள்கம்பியை வெட்டிச் சுருட்டினார். பாத்திகளைச் சீராக்கி, முந்தைய நாள் வாங்கி ஒளித்து வைத்திருந்த தக்காளி நாற்றுகளை நட்டுத் தண்ணீர் ஊற்றினார். நிமிரும்போது இடுப்பு விட்டுப்போயிற்று. தன் செருப்புத் தடத்தையெல்லாம் மண்வெட்டியால் கலைத்தார். ஓரத்தில் கிடந்த ஒரு யானைத் தடத்தை மட்டும் கலைக்காமல் விட்டார்.

யானை இறங்கி வரும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். பிரான்சிஸ் கேட்டால் சொல்ல அவரிடம் பதில் இருந்தது. யானையே நட்டிருக்குமுங்க.