பெயர் தெரியாத பெண்ணும் குழந்தையும்

விரல் நுனி படத்திலிருக்கும் குழந்தையின் பாதத்தைத் தொடுகிறது, தொட்ட விரலை உதட்டுக்குக் கொண்டுபோகிறாள் அமலோற்பவம், அதற்குள் மணி அலறுகிறது, பாரிசின் அந்தச் சின்ன மியூசியத்தின் ஏழாம் அறை முழுக்க மணிச்சத்தம், மூலையில் காவல் நாற்காலியிலிருந்து எழுந்து மனைவியைத் தடுக்க ஓடிவருகிறார் அருளப்பன், கால் எட்டவே மாட்டேன் என்கிறது, இருபத்து மூன்று வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறார், இன்று அதே நாற்காலியில் கடைசி நாளாக உட்கார்ந்திருக்கும்போதும் கண்ணை மூடினால் அதே ஓட்டம்தான். அவளைக் குறை சொல்ல முடியுமா, நீலச் சால்வை, மடியில் பிள்ளை, குனிந்த முகம், மாதா கோயில் ஊரான வில்லியனூரில் பிறந்தவளுக்கு அது மாதா இல்லாமல் வேறு யார், கோயிலில் மாதா சுரூபத்தின் காலைத் தொட்டு உதட்டில் ஒற்றி முத்தி செய்தே வளர்ந்த கை, ஓவியத்தைத் தொடக்கூடாது என்று அந்தக் கைக்கு யார் சொன்னார்கள், வாசலில் பூட்ஸைக்கூடக் கழற்றி வைத்துவிட்டல்லவா உள்ளே வந்தாள்.

படத்தில் இருப்பவள் மாதா இல்லை, ஒரு சலவைக்காரி என்பார்கள், வெயிலை வெயிலாகவே தீட்டுவோம் என்று வீட்டைவிட்டு வெளியே வந்து வரைந்த இளவட்டங்களில் ஒருவன் வரைந்தது, இது என்ன கிறுக்கல் என்று கண்காட்சியில் திருப்பியனுப்பிய படம், 1870இல் பிரஷ்யாவோடு சண்டை மூண்டபோது கூட்டாளிகளில் சிலர் லண்டனுக்குப் போய்விட, இவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனான், போனவன் போனவன்தான், அவள் பெயரை எங்கும் எழுதிவைக்கவில்லை, அதனால் சட்டத்தின் கீழே பித்தளைத் தகட்டில் பெயர் தெரியாத பெண்ணும் குழந்தையும் என்றுதான் இருக்கிறது. இதையெல்லாம் மணி அடித்த பிறகுதான் அவளுக்குச் சொன்னார், சொல்லி என்ன பிரயோஜனம். அன்றைக்கு மேலதிகாரி ஓடிவந்து, யார் இந்த அம்மாள், உனக்குத் தெரியுமா என்று கேட்டார், வேலை நிரந்தரமாக இன்னும் மூன்றே வாரம், தொட்டது காவலாளியின் மனைவி என்று தெரிந்தால் அத்தோடு சரி, தெரியாது என்றார் அருளப்பன், அறிக்கைப் புத்தகத்திலும் தன் கையாலேயே எழுதினார், பெயர் தெரியாத பெண், வயது சுமார் முப்பத்தைந்து, புடவை. அவள் பக்கத்திலேயே நின்றாள், அந்த அளவுக்குப் பிரெஞ்சு அவளுக்கும் தெரியும், பூட்ஸை மாட்டிக்கொண்டு போனாள், அவள் மாதாவிடம் வேண்டிக்கொண்டது என்ன என்கிறீர்கள், இவருக்கு இந்த வேலை நிலைக்கணும் தாயே என்றுதான்.

வேலை நிலைத்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்க அமலம் என்றார், அந்தத் தலப்பாகை நான்தானே என்றாள், அன்றிலிருந்து வீட்டில் பேச்சுக்குப் பேச்சு குத்தல், தெரியாத பொம்பள காப்பி போட்டிருக்கா, நம்பிக் குடிப்பீங்களா, தெரியாத பொம்பளகிட்ட சட்டையக் குடுங்க, பட்டன் தச்சுத் தருவா, சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், அந்தச் சிரிப்புக்காகவே வம்புக்கு இழுப்பார் அவரும், ஆனால் மியூசியத்து வாசலை மட்டும் அவள் மறுபடி மிதிக்கவில்லை. ஒரே ஒரு தடவை காய்ச்சலில் கிடந்தபோது சிரிக்காமல் கேட்டாள், படம் வரைஞ்சவன் சண்டையில செத்துட்டான், பேர எழுத அவனுக்கு நேரமில்ல, உங்களுக்கு என்ன சண்டை. நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தார், உயிரையே வைத்திருக்கிறார் அவள்மேல், அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லையே.

இன்று நாலு மணிக்கு இதே அறையில் பிரிவுபசாரம், குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், தெரியாத பொம்பளைக்கு அங்க என்ன வேல என்று காலையிலேயே முடித்துவிட்டாள், வரமாட்டாள் என்று கண்ணைத் திறக்கிறார், சகாக்கள் கூடிவிட்டார்கள், புது மேலதிகாரியான இளம்பெண் பதக்கத்தோடு நிற்கிறாள், அப்பழுக்கில்லாத காவலுக்கு என்று அதை அவர் கையில் வைக்கிறாள், அந்த நேரம் பார்த்துக் கதவருகில் அரக்குப் பட்டுப்புடவை, கை இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு அமலோற்பவம். தனியா நிப்பீங்களேன்னு மனசு கேக்கல, என்றாள். யார் இந்த அம்மாள், உங்களுக்குத் தெரியுமா என்று மேலதிகாரி சிரித்த முகமாகக் கேட்டாள், ஐயோ, சொல்லுக்குச் சொல் அதே கேள்வி. பதக்கத்தை மேலதிகாரி கையிலேயே திருப்பிக் கொடுத்தார் அருளப்பன், இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் படத்தைத் தொட்டது இவள்தான், தெரியாதவள் என்று நான் எழுதியது பொய், இவள் பெயர் அமலோற்பவம், என் மனைவி என்று பிரெஞ்சில் சொன்னார்.

அமலோற்பவம் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை, அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள், முந்தானையிலிருந்து ஒரு கையை எடுத்து அவர் கன்னத்து ஈரத்தைத் துடைத்தாள், பிரெஞ்சுல சொன்னது அவங்களுக்கு, எனக்குத் தமிழ்ல சொல்லுங்க என்றாள். எம் பொஞ்சாதி, அமலோற்பவம், என்றார் மெல்ல. இன்னும் கொஞ்சம் சத்தமா, என்றாள், சொன்னார்.