இடது கதவில் ஒரு நசுங்கல்

தீர்ப்புகளைச் சுருக்கி வெளியிடும் சட்ட இதழ் ஒன்றில் அவளுக்கு வேலை. நீதிபதிகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவார்கள். அதில் எது தீர்ப்பைத் தாங்கும் காரணம், எது வெறும் வளவளப்பு என்று அவள் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை ஸ்கேலால் மறைத்துவிட்டு மீதியைப் படிப்பாள். தீர்ப்பு ஆடாமல் நின்றால், மறைத்தது காரணமே இல்லை. அலுவலகத்தில் அவளுக்கு ‘ஸ்கேல் அக்கா’ என்றே பெயர். ஊரார் வாதத்தையெல்லாம் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிக்கிறவளுக்குத் தன் வாதம் மட்டும் கண்ணில் படாமல் போனதுதான் கொடுமை.

மாடியில் அவள் குடும்பம், கீழே அப்பா. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நாற்பது’. அவர் கையில் எந்த வண்டியும் அந்த வேகத்தைத் தாண்டியதில்லை. சைக்கிள்காரன்கூட மணியடித்துவிட்டு முந்திப் போவான். மாலையானால், கால் சரியில்லாத பழைய கண்டக்டர் நண்பரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுவார். பின்சீட்டிலிருந்து நண்பர் விசில் கொடுத்தால்தான் வண்டி கிளம்பும். இரண்டு கிழங்களும் குழந்தைகளாகிவிடும் நேரம் அது.

ஒரு நாள் காரின் இடது கதவு நசுங்கியிருப்பதைப் பார்த்துப் பதறிப்போனாள். பயத்தில் பேசுகிறோம் என்பது தெரியாமல், நியாயம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அப்பா முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“எழுபது தாண்டியாச்சுப்பா. பேப்பரையே கையை நீட்டிப் பிடிச்சுத்தான் படிக்கிறீங்க. இப்போ எங்கேயோ இடிச்சிருக்கீங்க, அது உங்களுக்கே தெரியலை. நாளைக்கு ஒரு குழந்தை குறுக்கே வந்தா என்ன பண்ணுவீங்க?”

அவர் எழுந்து போய்க் கதவைத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். நன்றாகத்தான் பேசியிருக்கிறோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

சில மாதங்கள் போயின. காரை விற்றுவிடலாமா என்று பேச்சு வந்தபோது அவள் கணவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

“விக்கிறதுக்கு முன்னாடி கதவுல இருக்கிற அந்த டொக்கை எடுக்கணும். அது நான் பண்ணினது. என் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பட்டுடுச்சு.”

“ஏன் சொல்லலை?”

“சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள மாமா சாவியைக் குடுத்துட்டார். எப்படியும் நல்ல முடிவுதானேன்னு விட்டுட்டேன்.”

திட்ட வாயெடுத்தவளுக்குத் தன் வாதம் நினைவுக்கு வந்தது. மனதுக்குள் அந்த நசுங்கலை மறைத்துவிட்டு மீதியைப் படித்துப் பார்த்தாள். வயதா? வயதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று எத்தனை தீர்ப்புகளில் அடிக்கோடு போட்டிருக்கிறாள். பேப்பரா? கிட்டத்து எழுத்து தெரியாதவருக்குத் தூரத்துச் சாலையுமா தெரியாது? கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போக வேண்டிய காரணம் அது, சாவியைப் பிடுங்க அல்ல. மிச்சமிருந்தது அவள் பயம் ஒன்றுதான். முடிவை முதலில் எடுத்துவிட்டு அதற்கு முட்டுக்கொடுக்கக் காரணம் தேடியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

கீழே போனாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, கதவை இடிச்சது நீங்க இல்லை, உங்க மாப்பிள்ளை. விசாரிக்காம பேசினது என் தப்பு. இந்தாங்க சாவி.”

அவர் கை நீட்டவில்லை.

“அன்னைக்குக் கதவைப் பார்த்தப்போ, எங்கே இடிச்சேன்னு நினைவே வரலைம்மா. இடிச்சதுகூட நினைவில்லாதவன் எப்படி ஓட்டுறதுன்னுதான் சாவியைக் குடுத்தேன்.”

“நீங்க இடிக்கவே இல்லை. அப்புறம் எப்படிப்பா நினைவு வரும்?”

“புரியுது. ஆனா அன்னையிலேருந்து கேஸை அணைச்சேனா, கதவைப் பூட்டினேனான்னு திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். என் மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. அப்படிப்பட்டவன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.”

மறுத்துப் பேச அவள் ஒரு வாக்கியம் தேடினாள். அவர் வண்டியை விட்டதற்கு இப்போதுதான் ஒரு சரியான காரணம் இருந்தது. அதை உண்டாக்கியதும் அவள்தான். அழுகை வந்தது.

“அழாதே. கண்டக்டர் அப்பவே சொன்னான், நீ இடிச்சிருக்க மாட்டேடான்னு. நான்தான் அவன்கூடச் சண்டை போட்டேன், என் பொண்ணு காரணமில்லாம பேச மாட்டாள்னு.”