டெல்மர் க்ரூஸின் முழுக்கைச் சட்டை

ஜூலை மாதத்து அயோவா வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு ஒருவன் திரிந்தால், ஒன்று அவன் சவ அடக்கத்துக்குப் போகிறான், இல்லை எதையோ மறைக்கிறான். அந்த வாரம் எங்கள் கவுண்டியில் யாரும் சாகவில்லை.

டெல்மர் க்ரூஸ் மறைத்தது ஒரு வட்டத்தை. வலது முழங்கையின் உள்பக்கம், சிவந்த விளிம்பும் வெளிறிய நடுவுமாக, சொறியச் சொறிய அழகாக வளர்ந்துகொண்டிருந்த படர்தாமரை. அதை அவருக்குக் கொடுத்தது செனட்டர்.

செனட்டர் என்பது அவர் வளர்த்த செம்மறி. கறுப்பு முகம், காப்பிக் கோப்பையை வைத்தால் தளும்பாத முதுகு, பார்த்தவர்கள் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தும் பின்தொடை. கவுண்டி கண்காட்சியில் சாம்பியன் ஆட்டுக்குத் தரும் ஊதாக் கொடி இந்த முறை செனட்டருக்குத்தான் என்று டெல்மரின் மச்சான் லைல் போமனே ஒப்புக்கொண்டிருந்தான். லைல் லேசில் எதையும் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. அவன் வீட்டு ஹாலில் ஊதாக் கொடிகள் திரைச்சீலை மாதிரித் தொங்கும். நன்றி நாள் விருந்துக்குப் போகும்போதெல்லாம் டெல்மர் வான்கோழியை விட்டுவிட்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

டெல்மரிடம் கொடி இல்லை. பதவி இருந்தது. கண்காட்சியின் ஆட்டுக்கொட்டகைத் தலைவர். வாசலில் நின்று வருகிற ஆட்டையெல்லாம் சோதித்து, தோல் நோய் இருந்தால் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருடையது. அந்த விதியை எழுதியதும் அவர்தான். எழுதிய பிறகு வருஷத்துக்கு ஒரு முறை உறுப்பினர்களை உட்காரவைத்து வாசித்தும் காட்டுவார்.

செனட்டரின் காதுக்குப் பின்னால் முடி கொட்டி வட்டம் தெரிந்த அன்று, அவர் கால்நடை மருத்துவர் இர்மாவுக்குப் போன் போட்டார்.

"டாக்டரம்மா, என் ஃப்ரெண்டு ஒருத்தரோட ஆட்டுக்குக் காதுக்குப் பின்னாடி வட்டமா ஒண்ணு வந்திருக்கு."

"செதில் செதிலா இருக்கா?"

"இருக்காம்."

"உங்க ஃப்ரெண்டு ஆட்டைத் தினம் குளிப்பாட்டுறாரா?"

"ரெண்டு வேளை. சோப்புப் போட்டு. ரொம்ப சுத்தக்காரர்."

"அதான் வினை. ஆட்டுத் தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசைதான் அதுக்குக் காவல். அதைச் சோப்புப் போட்டு எடுத்து, முடியை ஒட்ட வெட்டி, அழுக்குப் படாம இருக்க ஆட்டுக்குப் போடுற இறுக்கமான சட்டையையும் மாட்டி, இருட்டுக் கொட்டில்ல அடைச்சா, பூஞ்சைக்கு அதைவிட நல்ல லாட்ஜ் கிடைக்காது. குளியலை நிறுத்தச் சொல்லுங்க. சட்டையைக் கழட்டி வெயில்ல தனியா விடச் சொல்லுங்க. மருந்து தர்றேன், கையுறை போட்டுத் தடவணும். முடி வெட்டுற மெஷினை யாருக்கும் தரக்கூடாது. பிளேடைக் கிருமிநாசினியில ஊறவைக்கணும்."

"எப்ப சரியாகும்?"

"ஒரு மாசம் ஆகும். மேலயும் ஆகலாம்."

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது.

"சொல்லிடறேன் டாக்டரம்மா."

"அப்படியே உங்க ஃப்ரெண்டைத் தன்னோட கையையும் பார்த்துக்கச் சொல்லுங்க. மனுஷனுக்கும் தொத்தும்."

போனை வைத்துவிட்டு டெல்மர் தன் கையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் முழுக்கைச் சட்டை மாட்டினார்.

மருத்துவர் சொன்னதில் அவர் கடைப்பிடித்தது ஒன்றுகூட இல்லை. அழுக்குதானே நோய், இன்னும் கழுவினால் போய்விடும் என்று மூன்றாவது குளியலையும் சேர்த்தார். வெயிலில் விட்டால் தோல் கறுத்து அழகு போய்விடும் என்று கொட்டிலிலேயே வைத்தார். மெஷின் விஷயம் இன்னும் மோசம். எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குக் கண்காட்சி முடிவெட்டு என்றால் டெல்மர் கைதான். ஜூலை பிறந்தால் பாதிக் கவுண்டி தன் ஆட்டை அவருடைய காரேஜுக்கு ஓட்டி வந்துவிடும்.

"இந்த வருஷம் வேணாம்னு சொல்லிடு" என்றாள் அவர் மனைவி கார்லீன்.

"சொன்னா ஏன்னு கேப்பானுங்க."

"முதுகு வலின்னு சொல்லு."

"முதுகு வலிக்கிறவன் எப்படிச் செனட்டரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான்னு உன் அண்ணன் கேப்பான்."

"அப்ப பிளேடையாவது கழுவு."

"எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கிறப்ப கிருமிநாசினியை எடுத்தா என்ன நினைப்பாங்க?"

கார்லீன் தாடையைத் தூக்கிக் காட்டினாள். கழுத்தில் ஒரு வட்டம். "கல்யாணத்தன்னிக்கு எனக்கு ஒரு மோதிரம் போட்டே. அதுக்கப்புறம் நகைன்னு நீ குடுத்தது இதுதான் டெல்மர். இன்னியிலேர்ந்து நீ சோபாவுல படு. இல்லேன்னா செனட்டரோட போய்ப் படு, ரெண்டு பேரும் நல்லாக் குளிச்சிருக்கீங்க."

டெல்மர் சோபாவில் படுத்தார். பகலில் காரேஜில் லைலின் ஆட்டுக்கு முடி வெட்டினார். அதற்குப் பின் வந்த ஆட்டுக்கு. அதற்கும் பின் வந்ததுக்கு. அதே பிளேடு.

கண்காட்சி வந்தது.

ஆட்டுக்கொட்டகை வாசலில் டெல்மர் நின்றார். தொப்பி, விசில், டார்ச், முழுக்கைச் சட்டை. பக்கத்தில் அரைக்கைச் சட்டையில் மருத்துவர் இர்மா. கொட்டகைத் துணைத்தலைவர் என்ற முறையில் லைலும் அங்கே நிற்க வேண்டியவன்தான். ஆனால் அவன் தன் ஆட்டோடு வரிசையில் முதல் ஆளாக இருந்தான்.

டெல்மர் டார்ச் அடித்தார். லைலின் ஆட்டுத் தோளில் ஒரு வட்டம்.

அவர் முகத்தில் வந்தது துக்கமா சந்தோஷமா என்று சொல்வது கஷ்டம். "மச்சான், உறவு வேற, விதி வேற. வண்டியில ஏத்து."

"இது நேத்துவரைக்கும் இல்ல."

"எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. பட்டியைச் சுத்தமா வச்சுக்கணும்னு வருஷா வருஷம் தொண்டை கிழியப் பேசுறேன். கேட்டாத்தானே?"

அடுத்த ஆட்டுக்கும் வட்டம். அதற்கடுத்த ஆட்டுக்கு இரண்டு. ஒவ்வொன்றாக டெல்மர் திருப்பி அனுப்ப அனுப்ப அவருக்குக் குரல் ஏறியது. சுத்தம், பொறுப்பு, அயலாருக்குக் காட்டவேண்டிய மரியாதை. மத்தியானத்துக்குள் கொட்டகையில் வைக்கோலைத் தவிர அதிகம் எதுவும் இல்லை. ஊதாக் கொடிக்கும் அவருக்கும் நடுவே நின்ற எல்லோரையும் அவரே, விதிப்படி, நேர்மையாக, துடைத்துவிட்டிருந்தார்.

இர்மா ஆடுகளைப் பார்த்தது கொஞ்சம்தான். அவர் பார்த்தது ஆட்களின் கைகளை. செம்மறியை நாங்கள் கயிறு கட்டி நடத்துவதில்லை. தாடையைக் கையால் அணைத்து, முழங்காலை அதன் நெஞ்சில் கொடுத்து, கட்டிப்பிடித்தே நிறுத்துவோம். ஆட்டுக்கு என்ன இருக்கிறதோ அது வளர்க்கிறவர் முன்னங்கையில் வந்து உட்காரும்.

"உங்க ஆட்டுக்கு யார் முடி வெட்டினாங்க?" திரும்பிப் போகிற ஒவ்வொருவரையும் அவர் கேட்டார்.

"டெல்மர்தான்."

"உங்களுதுக்கு?"

"டெல்மர். அவர்தானே நல்லா வெட்டுவார்."

இர்மா திரும்பினார். "டெல்மர், கொஞ்சம் சட்டைக் கையைச் சுருட்டுங்க."

"எதுக்கு?"

"வேர்க்குது உங்களுக்கு. பார்க்கப் பாவமா இருக்கு."

"ஆட்டைச் சோதிக்கணும்னுதான் விதி, டாக்டரம்மா. ஆளைச் சோதிக்கணும்னு எங்கயும் இல்ல. எழுதினவன் நான், எனக்குத் தெரியாதா?"

பிறகு அவர் செனட்டரைக் கொண்டுவந்தார். தன் ஆட்டைத் தானே சோதிக்க முடியாது. துணைத்தலைவர்தான் பார்க்க வேண்டும். அதாவது, தன் ஆட்டை இப்போதுதான் வண்டியில் ஏற்றிவிட்டு வந்த லைல்.

லைல் முதுகைத் தடவினான். காதைத் தூக்கினான். காதுக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்து, விரலைப் பார்த்தான். விரலில் வெள்ளைச் சுண்ணப் பொடி. பொடி போன இடத்தில் டாலர் நாணயம் அளவுக்கு வட்டம்.

டெல்மர் தன் சட்டைக் கைப் பொத்தானைத் தடவிப் பார்த்தார்.

லைல் விரலை பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். "அருமையான ஆடு மச்சான். உள்ள கொண்டு போ."

டெல்மர் போனதும் இர்மா லைலின் தோளைப் பிடித்து நிறுத்தினார். "எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நினைச்சியா?"

"தெரியும்னு தெரியும். இங்கேயே திருப்பி அனுப்பினா நாலு பேருக்குத்தான் தெரியும், டாக்டரம்மா. நாளைக்குக் கேலரி நிறைய ஆளு இருக்கும்."

"இது பழிவாங்குறது."

"ஆமா."

"நான் அந்த ஆட்டைக் கடைசி மூலையில தனியா அடைக்கப் போறேன். நடுவர்கிட்டயும் சொல்லப் போறேன். தெரியாம அவர் தொட்டுட்டு அடுத்த கண்காட்சிக்குக் கொண்டு போகக்கூடாது."

"சொல்லுங்க. நீங்க சொல்லுவீங்கன்னுதானே விட்டேன்."

மறுநாள் காலை அரங்கில் இரண்டே ஆடுகள். ஒன்று செனட்டர். வேலி ஓரமாக நின்ற இன்னொன்று ஒலீட்டாவினுடையது. ஒலீட்டா பள்ளி பஸ் ஓட்டுகிறவள். ஆட்டைக் குளிப்பாட்ட அவளுக்கு நேரமும் இல்லை, அப்படி ஒரு யோசனையும் இல்லை. முடியைச் சமையலறைக் கத்தரிக்கோலால் தானே வெட்டியிருந்தாள், படிக்கட்டு மாதிரி. உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. தோலில் ஒரு பொட்டு இல்லை.

கேலரியின் முன்வரிசையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் அரைக்கை. எல்லோர் முன்னங்கையிலும் களிம்பு பளபளத்தது. நடுவில் கையில்லாத கவுனில் கார்லீன், எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டு, கழுத்து வட்டத்தை ஊருக்குக் காட்டிக்கொண்டு. நேற்று மாலையோடு இர்மாவின் கேள்விகள் கவுண்டி முழுக்கச் சுற்றி வந்துவிட்டிருந்தன.

நடுவர் நெப்ராஸ்காக்காரர். நெட்டையான, அவசரப்படாத மனிதர். செம்மறியைக் கண்ணால் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. முதுகிலும் விலாவிலும் கை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். நடுவர் கை வைக்காத ஆட்டுக்குப் பரிசு இல்லை. அவர் ஒலீட்டாவின் ஆட்டைத் தடவினார், முகத்தைச் சுளித்தார், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். செனட்டரிடம் வந்தார். சுற்றி வந்தார். தலையை ஆட்டி ரசித்தார். பிறகு இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

"இந்த ஆட்டைத் தொடலாமா?"

"தாராளமா" என்றார் டெல்மர்.

"நான் வளர்க்கிறவரைக் கேக்கல. கொட்டகைத் தலைவர் யாரு? அவர் மைக்குல வந்து சொல்லட்டும். நோய் இல்லைன்னு சொன்னா தொடறேன்."

"நான்தான் தலைவர்."

"நல்லதாப் போச்சு." நடுவர் ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து மைக்கை நீட்டினார்.

டெல்மர் மைக்கைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். வேலியில் சாய்ந்து நிற்கும் இர்மாவைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால், அடுத்த நிமிடம் இர்மா அந்தக் காதைத் தூக்குவார், பதவி போகும். உண்டு என்று சொன்னால் கொடி போகும். அரங்கத்து ஓர மேஜை மேல் ஊதாக் கொடியை மடித்து வைத்திருந்தார்கள், அவர் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும். சட்டையின் முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. கை அரித்தது. சொறிந்தார். கேலரியில் யாரோ அடக்க முடியாமல் தும்மல் மாதிரிச் சிரித்தார்கள்.

அப்போது டெல்மருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் முகம் தெளிந்ததை எல்லோரும் பார்த்தோம்.

"மைக்கைக் குடுங்க" என்றார். "இத்தனை வருஷம் இந்தக் கொட்டகைக்கு உழைச்சுட்டேன். தன் ஆட்டைப் பத்தித் தானே தீர்ப்புச் சொல்றது முறை இல்ல. அதனால இந்த நிமிஷத்துலேர்ந்து தலைவர் பதவியை ராஜினாமா பண்றேன். இனிமே லைல் போமன்தான் தலைவர். நேத்து என் ஆட்டைச் சோதிச்சு உள்ள விட்டதே அவர்தான். அவரையே கேளுங்க."

கெட்டிக்காரத்தனம்தான். லைல் தன் வாயால் பாஸ் சொன்னதை ஊர் முன்னால் எப்படி மாற்றுவான்?

லைல் எழுந்தான். நிதானமாக வேலியைத் தாண்டி வந்தான். மைக்கை வாங்கினான்.

"நேத்து எனக்குச் சரியாத் தெரியல. வெயில்" என்றான். "இப்ப தெரியுது. வண்டியில ஏத்து மச்சான்."

கேலரி எழுந்து நின்று கைதட்டியது. கார்லீன் தட்டவில்லை. காலிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "சட்டையைக் கழட்டு டெல்மர், காத்து படட்டும்" என்று மட்டும் சத்தமாகச் சொன்னாள்.

டெல்மர் கொடியையும் பதவியையும் அரங்கிலேயே விட்டுவிட்டு, மேஜை போன்ற முதுகுடைய அந்த ஆட்டைக் கட்டிப்பிடித்தபடி வெளியே நடந்தார். கட்டிப்பிடிக்காமல் நடத்த வழியில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஆடு. ஆனாலும் பரிசு தருமுன் நடுவர் மைக்கில் காரணம் சொல்லியாக வேண்டும், அது வழக்கம். நெப்ராஸ்காக்காரர் ஒலீட்டாவின் ஆட்டை இன்னொரு முறை தலை முதல் வால் வரை பார்த்தார். நல்லதாக ஏதாவது கிடைக்குமா என்று தேடியது தெரிந்தது.

"முதுகு சுமார்" என்றார். "தொடை சுமார். முடிவெட்டைப் பத்தி நான் பேச விரும்பல." ஆட்டின் முதுகில் மறுபடி கை வைத்தார். "ஆனா, தொடலாம்."