ரத்தம் படாத செட்

அறுவைச் சிகிச்சைப் பிரிவை மறுசீரமைத்த அன்று பிரிவுத் தலைவரான சீஃப் நாற்பது நிமிடம் பேசினார். காய்ச்சல் பரவுவதால் நாலு ஆபரேஷன் தியேட்டரில் மூன்றை மூடுகிறோம் என்று சொல்ல அரை நிமிடம் போதும். மிச்ச நேரமெல்லாம் போர்க்களம், தியாகம், வரலாறு என்று போனது. எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்ததால் கொட்டாவி விட்டவர்கள் தப்பித்தார்கள்.

தியேட்டர் சிஸ்டருக்குக் கொட்டாவி வரவில்லை, சந்தேகம் வந்தது. அது அவள் தொழில் கொடுத்த குணம். வயிற்றுக்குள் போன பஞ்செல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று இருபத்தாறு வருடம் எண்ணியவள், யார் எதைச் சொன்னாலும், "இன்னொரு தடவை எண்ணுங்க" என்பாள். வீட்டுக்காரர் இரண்டு தோசை போதும் என்றால்கூட அதே பதில்தான்.

இந்தத் தடவை சந்தேகத்துக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. லாரி ஓட்டும் அவள் தம்பிக்குப் பெருங்குடலில் கட்டி. காய்ச்சல் பரவியதில் இரண்டு முறை தேதி தள்ளிப்போய், இப்போது வருகிற வியாழக்கிழமை என்று நிற்கிறது. மூன்றாவது முறையும் தள்ளினால் கட்டி காத்திருக்காது. அதோடு, குடல் தைப்பதில் பிரிவிலேயே கெட்டிக்காரியான சின்ன டாக்டரம்மாவை மறுசீரமைப்பில் காய்ச்சல் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். "கவலைப்படாதீங்க சிஸ்டர், உங்க தம்பியை நானே பண்றேன்" என்று சீஃப் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். சிலைக்கு நிற்கிற மாதிரி இருந்தது.

கருவிகளை ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்கிறவர் திங்கட்கிழமை அவளைத் தன் ஜன்னலோரம் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ஆவி அண்ணன் என்றுதான் பெயர்.

"தங்கச்சி, மூணாம் தியேட்டர் பூட்டித்தானே கிடக்கு?"

"நானே சீல் ஒட்டினேன்."

"அப்புறம் எப்படி தினமும் அதோட தையல் செட்டு ஒண்ணு என் ஜன்னல்ல வந்து உக்காருது? ஊசி பிடிக்கிற இடுக்கியும் கத்தரிக்கோலும் மட்டும் எடுத்திருக்கு. ரத்தம் ஒரு பொட்டு இல்ல."

"கழுவி வெச்சிருப்பாங்க."

"டாக்டருங்க எந்தக் காலத்துல கழுவி வெச்சாங்க? எனக்கென்னமோ சரியாப் படல."

அவளுக்கும் படவில்லை. ஊரெல்லாம் ஆபரேஷனை நிறுத்திவிட்டு, பூட்டிய அறையில் யாரோ பெரிய மனுஷனுக்குத் திருட்டுத்தனமாக நடக்கிறதா? இருப்பதே ஒரு மயக்க மருந்து டாக்டர். அவரையும் அங்கே இழுத்துக்கொண்டால் வியாழக்கிழமை தம்பி கதி? நேரே அவரிடமே போனாள்.

"சார், மூணாம் தியேட்டர்ல யாருக்காவது மயக்கம் குடுத்தீங்களா?"

"நானே மூணு நாளா தூங்கல சிஸ்டர். யாரையாவது தூங்க வைக்கணும்னா முதல்ல என்னைத்தான்."

பொய் சொல்கிற கண்ணில் அவ்வளவு சிவப்பு இருக்காது. ஆனாலும் ஒன்றரை மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனதும் மூன்றாம் தியேட்டர் பக்கம் நடந்தாள். அவள் ஒட்டிய சீலை யாரோ பிளேடால் நேர்த்தியாகக் கிழித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். கதவுக் கண்ணாடியில் வெளிச்சம். தள்ளினாள்.

உள்ளே பெரிய மனுஷனும் இல்லை, நோயாளியும் இல்லை. சீஃப் மட்டும் தொப்பி, அங்கி சகிதம் மேஜை முன்னால் நின்றிருந்தார். வெட்டியெடுத்த இரண்டு கையுறை விரல்களை முனையோடு முனை சேர்த்துத் தைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று இடத்தில் சொட்டியது.

"இது... தயார்நிலைப் பயிற்சி சிஸ்டர்."

"நீங்களே குடல் தெச்சு எத்தனை வருஷமாச்சு சார்?"

"நிர்வாகப் பொறுப்புகள் கூடக்கூட..."

"எத்தனை சார்?"

"ஒரு அஞ்சு."

"இன்னொரு தடவை எண்ணுங்க சார்."

"எட்டு."

சிஸ்டருக்கு இப்போதுதான் கணக்குப் புரிந்தது. பெரிய கேஸ் எதுவானாலும் கடை திறப்பு விழாவில் நாடா வெட்டுகிறவர் மாதிரி சீஃப்தான் கத்தியால் முதல் கோடு போடுவார். உடனே போன் வரும், "அவசரக் கூட்டம்" என்று போய்விடுவார். மிச்சத்தை டாக்டரம்மா முடிப்பாள். பஞ்சுத் துண்டைக்கூட நம்பாத சிஸ்டர் அந்தப் போனை மட்டும் இத்தனை வருடம் நம்பியிருக்கிறாள்.

"அந்தப் போனை யார் சார் பண்ணுவாங்க?"

சீஃப் கையுறை விரலையே பார்த்தார். "வீட்டுக்காரி. பத்து மணிக்குப் பண்ணச் சொல்லியிருப்பேன்."

"அப்ப டாக்டரம்மாவை ஏன் வார்டுக்கு அனுப்பினீங்க?"

"எல்லாத்தையும் அவங்கதான் பண்றாங்கன்னு பேச்சு கிளம்பிடுச்சு. ஒரு ரெண்டு மாசம் கண்ணுல படாம இருக்கட்டும்னு..."

"உங்களாலயும் முடியும்னு என் தம்பி வயித்துலயா சார் நிரூபிப்பீங்க?"

தைத்த கையுறை விரலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கே டாக்டரம்மாவை வார்டுலேர்ந்து வெளிய எடுங்க. அப்பதான் காய்ச்சல் டெஸ்ட்டு முடிஞ்சு வியாழக்கிழமை தியேட்டருக்குள்ள வர முடியும்."

"நான் போட்ட உத்தரவை நானே மாத்தினா என் மரியாதை என்னாகும்?"

"மாத்தாதீங்க. புதுசா ஒண்ணு போடுங்க. இரண்டாம் கட்ட மறுசீரமைப்புன்னு பேர் வைங்க."

சீஃபின் முகத்தில் கரண்ட் வந்தது. "அதுல என் பங்கு?"

"ஒட்டுமொத்த மேற்பார்வை."

"ஒட்டுமொத்தம்..." அந்தச் சொல்லை வாயில் போட்டு ருசித்தார். "தொலைநோக்கு மேற்பார்வைன்னு போடலாமா?"

"எதை வேணா போடுங்க. முதல்ல போனைப் போடுங்க."

போட்டார். காய்ச்சல் வார்டில் டாக்டரம்மா எடுத்ததும் முன்னுரை ஆரம்பமானது. இரண்டாவது வாக்கியத்தில் சிஸ்டர் போனை வாங்கிக்கொண்டாள். "டாக்டரம்மா, வியாழன் காலைல ஏழரைக்கு என் தம்பி கேஸ். நீங்கதான் பண்றீங்க, முழுசா."

அந்தப் பக்கம் கவசங்களுக்குள்ளிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "சார் சம்மதிச்சாரா?"

"எதிர்லதான் நிக்கிறார்."

"சரி. புதன்கிழமை தண்ணி ஆகாரம் மட்டும் எடுத்துக்கச் சொல்லுங்க. குடல் காலியா இருக்கணும்."

அடுத்து தம்பிக்குப் போன் போட்டாள். எடுத்ததும் அவன் குரல் இறங்கியது. "மறுபடியும் தள்ளிட்டாங்களாக்கா?"

"இல்லடா. டாக்டரம்மாவே வராங்க."

"நம்பலாமா?"

சீஃப் புது உத்தரவுக்குக் காகிதம் எடுத்துத் தலைப்புக்குக் கீழே இரண்டு கோடு இழுத்துக்கொண்டிருந்தார். இன்னும் விஷயத்துக்கு வரவில்லை.

"கையெழுத்து விழட்டும், சொல்றேன்" என்று போனை வைத்தவள், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.