ரோஜாவுக்கு ஒரு டெஸ்ட்

ஏழாயிரம்பண்ணை பட்டாசு கம்பெனியில் லோடு ஏற்றுமுன் சில வெடிகளை எடுத்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். நமுத்துப் போயிருந்தால் அந்தச் சரக்கே கழிவு. அங்கே வேலை செய்து அதைப் பார்த்துப் பழகிய வேலுத்தாய்க்கு, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ரோஜாவுக்கு வாசிப்பு டெஸ்ட் என்றதும் அந்தக் கழிவுச் சரக்குதான் நினைவுக்கு வந்தது.

ரோஜா வாய் ஓயாமல் கதை சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துகள் அவளுக்குப் பிடி கொடுக்காது. பிள்ளையையும் கழித்து ஒதுக்கிவிட்டால்?

விடுவாளா வேலுத்தாய்? பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணை வாசிக்கச் சொல்லி, பாதிப் புத்தகத்தை மகளுக்கு மனப்பாடமாக ஏற்றிவிட்டாள்.

டெஸ்ட் அன்று லீவு போட்டுவிட்டு வகுப்பு ஜன்னலோரம் நின்றாள். சிறப்பாசிரியர் அழகுமீனா முதலில் பாடத்தைக் காட்டினார். ரோஜா மடமடவென்று ஒப்பித்தாள். வேலுத்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து டீச்சர் ஒரு அட்டையை நீட்டினார். 'டமுகி', 'பலோது'.

ரோஜா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டீச்சர்! இது பாடத்துலயே இல்லயே!" ஜன்னல் கம்பிக்குள் முகத்தை நுழைக்காத குறையாகக் கத்தினாள் வேலுத்தாய்.

"எந்தப் பாடத்துலயும் இல்லக்கா. அர்த்தமே இல்லாத வார்த்தை. யாரும் மனப்பாடம் பண்ணிட்டு வந்துரக் கூடாதுல்ல?"

"அம்மாதான் சொல்லிக்குடுத்துச்சு!" ரோஜா போட்டு உடைத்தாள்.

அழகுமீனா சிரித்துவிட்டார். "காதால கேட்டே இம்புட்டையும் பிடிச்சிட்டாளா? கெட்டிக்காரிதான். எழுத்தையும் சத்தத்தையும் சேர்க்கிற இடத்துலதான் இடறுறா."

"அப்ப பிள்ளையை ஒதுக்கிருவீகளா?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"யாரு சொன்னா? இதே வகுப்புலதான் இருப்பா. வாரம் ரெண்டு நாள் நான் தனியா உக்காந்து மணல்ல எழுத வச்சு, சத்தம் சத்தமாப் பிரிச்சுச் சொல்லிக்குடுப்பேன். பரீட்சையில கூடுதல் நேரமும் கேட்டு வாங்கலாம். நீங்க மனப்பாடத்த மட்டும் நிறுத்துங்க, தாயே!"

மறுநாள் கம்பெனி வேனில் ஏறியதுமே தோழி சுடலை கேட்டாள். "என்னடி, பிள்ளை பாஸா?"

"நல்லவேளை, பாஸாகல!" என்றாள் வேலுத்தாய், சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டு. "நான் பண்ணுன வேலைக்குத் தப்பித்தவறி பாஸாயிருந்தா, அந்த டீச்சர் எம்பிள்ளைக்குக் கிடைச்சிருப்பாகளா?"